பழைய அலாய் வீலா? ரேஸ் டிராக்கில் இறங்கும் முன் உஷார்!

ஓசூர்:-
பழைய அலாய் வீலை வாங்கி காருக்கு மாட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு கிளம்பும் வாலிபர்கள் முதலில் வீலின் பின்பக்கத்தை பார்ப்பது நல்லது. 1990-ம் ஆண்டு தொடங்கிய இந்த டிராக்கின் வளைவுகளில் வேகமாக திருப்பும்போது வெளிப்பக்க சக்கரங்கள்தான் பாரத்தின் பெரும்பகுதியை தாங்கும். அந்த நேரம் வீல் உடைந்தால் காரை பிடிக்க முடியாது.

இரும்பு வீல் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். அலுமினியம் அப்படி இல்லை. குழியிலும் வேகத்தடையிலும் வாங்கிய அடி மயிரிழை விரிசலாக வளர்ந்து ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். பளபளவென்று புது பெயிண்ட் அடித்து விற்கும் வீல் மீதுதான் முதல் சந்தேகம் வரவேண்டும்.

காற்று அடிக்கடி இறங்குதா? சோப்பு தண்ணீர் ஊற்றி பாருங்க. பிறகு டயரை கழற்றி கழுவி, ஸ்போக் ரிம்மோடு சேரும் இடம், நட்டு துளையை சுற்றிய பகுதி, உள் விளிம்பு ஆகியவற்றை டார்ச் அடித்து பார்க்கணும்.

அப்படியும் சந்தேகமா? வார்ப்பட ஆலைகளில் செய்கிற டை பெனட்ரன்ட் சோதனை இருக்கு. சிவப்பு சாயம் அடித்து, ஊறவிட்டு துடைத்து, வெள்ளை டெவலப்பர் ஸ்பிரே அடித்தால் விரிசல் சிவப்பு கோடாக தெரியும். அதற்கு முன் பெயிண்டை ரிமூவர் போட்டு எடுக்கணும். உப்புத்தாளில் தேய்த்தால் அலுமினியம் இழுபட்டு விரிசலையே மூடிவிடும்.

வெல்டிங் வைத்த வீல் டிராக்குக்கு ஆகவே ஆகாது. நட்டுகளை டார்க் ரெஞ்சில் முடுக்கி, முதல் சில சுற்று ஓட்டி சூடு ஆறியதும் மறுபடி பார்க்கணும்.