அரிவாள்செல் சோகை

அரிவாள்செல் சோகை என்பது குருதியில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் மரபுவழிக் குறைபாட்டால் உண்டாகும் நோயாகும். தட்டு வடிவில் நெகிழ்வாக இருக்க வேண்டிய செங்குருதியணுக்கள், இந்நோய் உள்ளவரிடம் ஆக்சிசன் குறையும்போது அரிவாள் அல்லது பிறை போல வளைந்து விறைத்துவிடுகின்றன. அவ்வணுக்கள் விரைவில் சிதைவதால் கடுமையான சோகை ஏற்படுகிறது. அவை நுண்ணிய குருதிக்குழாய்களை அடைப்பதால் தாங்கவொண்ணா வலியும் உறுப்புச் சேதமும் உண்டாகின்றன. பாடநூல்களில் இது கதிர் அரிவாள் சோகை என்றும் குறிப்பிடப்படுகிறது.

இது தொற்றுநோய் அன்று. உணவுக் குறையால் வருவதும் அன்று. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகப் பெறப்படும் இரு மரபணுக்களும் பழுதுற்றிருந்தால் மட்டுமே நோய் தோன்றும். எனவே பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பது தெரியவரும்போது, பிள்ளைகளின் குருதி எவ்வாறு இருக்கும் என்ற கேள்விக்கான விடை நோயுற்றவரின் குருதியில் மட்டும் இல்லை. நலமாக இருக்கும் மற்றவரின் குருதியையும் பார்த்தாக வேண்டும்.

காரணம்

வளர்ந்தோரின் ஹீமோகுளோபின் பெரும்பாலும் 'ஏ' வகையைச் சேர்ந்தது. அதில் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. இச்சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவதாக குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அவ்விடத்தில் வாலின் வந்துவிட்டால் உருவாவது 'எஸ்' வகை ஹீமோகுளோபின். மரபணுவில் மாறியது ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் ஆக்சிசனை இழந்த நிலையில் 'எஸ்' வகை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, அணுவையே வளைத்துவிடுகின்றன.

இயல்பான செங்குருதியணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாட்களே தாங்கும். எலும்பு மச்சை எவ்வளவு விரைந்து புதிய அணுக்களை உருவாக்கினாலும் இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை. நோயாளிகள் பலரின் ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரையே இருக்கும். அணுச் சிதைவால் கண்கள் மஞ்சளாவதைக் காமாலை என்று கருதி மருத்துவம் செய்வதும் உண்டு.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு

ஒரு பழுது மரபணுவும் ஓர் இயல்பு மரபணுவும் உடையவர் 'கடத்தி' எனப்படுவார். கடத்தியின் குருதியில் இருவகை ஹீமோகுளோபினும் இருக்கும். பொதுவாக அவருக்கு நோய்க்குறிகள் இரா. கடத்தி நிலை மட்டும் சோகையை உண்டாக்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடத்தி ஒருவருக்குக் கடுமையான சோகை இருப்பின் இரும்புச்சத்துக் குறைவு போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நோயுள்ளவர் தம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழுது மரபணுவைக் கொடுத்தே தீருவார். கொடுப்பதற்கு அவரிடம் வேறு மரபணு இல்லை. வாழ்க்கைத் துணை இருபுறமும் இயல்பான மரபணு உடையவராயின் பிள்ளைகள் அனைவரும் கடத்திகளாவர், ஒருவருக்கும் நோய் வராது. துணை ஒரு கடத்தியாயின் நிலைமை முற்றிலும் மாறுகிறது: ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. பெற்றோர் இருவருமே கடத்திகளாயின் அவ்வாய்ப்பு நான்கில் ஒன்று. குழந்தை கடத்தியாகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இந்த மூன்றாம் நிலையில் தாயும் தந்தையும் நலமாகவே இருப்பதால், நோயுற்ற குழந்தை பிறந்த பின்னரே குடும்பத்திற்குச் செய்தி தெரியவருகிறது.

நான்கில் ஒன்று என்பதை, ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வராது எனப் பொருள்கொள்வது பரவலான பிழை. ஒவ்வொரு கருத்தரிப்பின்போதும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. முந்தைய குழந்தையின் நிலை அடுத்ததைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. துணைவரிடம் அரிவாள் மரபணு இல்லாமல் பீட்டா தலசீமியாவின் மரபணு இருக்கலாம். அவருக்கு நடத்தப்படும் எளிய அரிவாள் சோதனை 'இல்லை' என்றே காட்டும். ஆயினும் ஒருவரிடமிருந்து அரிவாள் மரபணுவையும் மற்றவரிடமிருந்து தலசீமியா மரபணுவையும் பெறும் குழந்தைக்கு அரிவாள்-பீட்டா தலசீமியா என்னும் நோய் உண்டாகிறது. இதன் கடுமையான வடிவம் அரிவாள்செல் சோகைக்கு இணையானது. இந்தியாவில் தலசீமியா கடத்திகள் பலர் இருப்பதால் இது ஏட்டளவிலான ஐயம் அன்று.

குழந்தைகளில் நோய்

பிறந்த குழந்தை நலமாகவே தோன்றும். கருவிலிருக்கும்போது உருவாகும் 'எஃப்' வகை ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி இல்லை. எனவே பீட்டா மரபணுவின் பழுது அதைத் தொடுவதில்லை. கருவகை ஹீமோகுளோபினே பச்சிளங்குழந்தையைக் காக்கிறது என்பதை 1948ஆம் ஆண்டில் ஜேனட் வாட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ ஆறு மாதத்தில் 'எஃப்' வகை குறைந்து 'எஸ்' வகை மிகும்போது நோய் வெளிப்படத் தொடங்குகிறது. கை, கால் விரல்கள் வலியுடன் வீங்குவது பெரும்பாலும் முதல் அறிகுறியாகும். அடிபட்ட வீக்கம் என்று இதனை எண்ணிவிடுவது எளிது.

சிறு குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. அடைப்புகளால் மண்ணீரல் செயலிழப்பதால் நிமோகாக்கசு முதலிய நுண்ணுயிர்கள் குருதியில் பெருகிச் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கலாம். ஆகையால் இக்குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது. மற்றொன்று, குருதி திடீரென மண்ணீரலில் தேங்கிவிடுவது. அப்போது வயிற்றின் இடப்பக்கம் வீங்கும். குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். குழந்தையின் வயிற்றைத் தொட்டு மண்ணீரலின் அளவை அறியும் முறை யமேக்காவில் தாய்மார்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இதனால் குழந்தைகள் உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தனர், இறப்புகளும் குறைந்தன. ஒரு விரலளவு அறிவு எந்த விலையுயர்ந்த கருவியையும் விட உதவிய இடம் இது.

நாள்தோறும் இருவேளை பெனிசிலின் கொடுத்தால் நிமோகாக்கசுத் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று 1986இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்தவுடனேயே சோதித்தறிவதன் தேவை அதனால் உறுதிப்பட்டது. நோய் வெளிப்படும் வரை காத்திருந்தால் மருந்து தொடங்கும் காலம் கடந்துவிடும்.

பரிசோதனை

கரைதிறன் சோதனை மலிவானது, விரைவானது. ஆனால் அது 'எஸ்' வகை இருப்பதை மட்டுமே கூறும்; கடத்தியையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 'எஸ்' வகை குறைவாக இருப்பதால் அதனை நம்பவும் இயலாது. ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. முறையிலேயே நோய்நிலை உறுதிசெய்யப்படுகிறது. துணைவரின் தலசீமியா கடத்தி நிலையை அறியவும் இவையே உதவுகின்றன. அண்மையில் குருதி ஏற்றப்பட்டவரிடம் கொடையாளரின் குருதியும் கலந்திருப்பதால் முடிவு பிழையாகலாம். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கப்படும் சில துளிகள் போதுமானவை.

சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். அரிவாள்செல் சோகையில் இரும்பு உடலைவிட்டு வெளியேறுவதில்லை. சிதைந்த அணுக்களின் இரும்பு மீண்டும் பயன்படுகிறது. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்வோரிடம் இரும்பு அளவுக்கு மீறித் தேங்கி ஈரலையும் இதயத்தையும் பாதிக்கும். எனவே குறைபாடு உறுதியான பின்னரே இரும்பு தரப்பட வேண்டும். ஃபோலிக் அமிலம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

கருவிலேயே சோதிக்கவும் முடியும். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் யூட் வை கான், ஆண்ட்ரே டோசி ஆகியோர் டி.என்.ஏ. வேறுபாட்டைக் கொண்டு இதற்கான வழியைக் கண்டனர். இன்று 10ஆம் வாரத்திற்குப் பின் சூல்வித்தகத் திசுவிலிருந்தோ, 15ஆம் வாரத்திற்குப் பின் பனிக்குட நீரிலிருந்தோ கருவின் மரபணு ஆராயப்படுகிறது.

வரலாறு

1904ஆம் ஆண்டின் இறுதியில் கிரெனடா தீவைச் சேர்ந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்னும் பல்மருத்துவ மாணவர் சிக்காகோ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவரது குருதியில் விந்தையான வடிவுடைய அணுக்களைப் பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்சு கண்டார். அவருடைய மேலாளர் ஜேம்சு எரிக்கு 1910இல் அதனை வெளியிட்டார். கண்டவரின் பெயரைவிட எழுதியவரின் பெயரே நிலைத்தது. நோயல் படிப்பை முடித்து, ஊர் திரும்பிப் பல்மருத்துவராகப் பணியாற்றி, 1916இல் 32ஆம் அகவையில் இறந்தார்.

1949இல் லைனசு பாலிங்கும் உடன் பணியாற்றியோரும் நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டி, இதனை 'மூலக்கூற்று நோய்' என அழைத்தனர். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் இருவருமே கடத்திகள் என்பதை அதே ஆண்டில் ஜேம்சு நீல் நிறுவினார். ஒற்றை அமினோ அமில மாற்றத்தை வெர்னான் இங்ராம் சில ஆண்டுகளில் கண்டறிந்தார்.

பரவல்

இவ்வளவு தீங்கான மரபணு ஏன் அழியவில்லை என்பதற்கு ஆந்தனி ஆலிசன் 1954இல் விடையளித்தார். கடத்தியாக இருப்பது கடுமையான மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது. ஆகவே மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கா, அரேபியா, நடுநிலக்கடற் பகுதிகள், இந்தியா ஆகிய இடங்களில் இம்மரபணு நிலைபெற்றது.

இந்தியாவில் இது முதலில் அறியப்பட்ட இடங்களுள் நீலகிரியும் ஒன்று. 1952இல் எர்மன் லேமன், மேரி கட்புசு ஆகியோர் அங்குள்ள பழங்குடியினரிடம் இதைக் கண்டு வெளியிட்டனர். நீலகிரியிலும் அதையடுத்த வயநாட்டிலும் இருளர், பணியர், குறும்பர் முதலிய மக்களிடையே இது காணப்படுகிறது. நடு இந்தியா, குசராத்து, ஒடிசா ஆகியவற்றின் பழங்குடி மக்களிடையேயும், பழங்குடியல்லாத சில சமூகத்தினரிடையேயும் பரவியுள்ளது. இந்திய நோயாளிகள் பலரிடம் கருவகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் நோயின் கடுமை சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். எல்லாரிடமும் அவ்வாறு எனக் கூறவியலாது.

சமூகச் சிக்கல்கள்

கடத்தி நிலையை அறிவது பயனுள்ளது. அறிந்ததை ஊர் எவ்வாறு பயன்படுத்தும் என்பது வேறு செய்தி. கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோசு பகுதியில் மக்களனைவரையும் சோதித்து, கடத்திகள் தம்முள் மணப்பதைத் தவிர்க்க அறிவுரை கூறும் முயற்சி நடைபெற்றது. 1970களில் அதன் விளைவை ஆராய்ந்தபோது, பேசி முடிக்கும் திருமணங்கள் வழக்கிலிருந்த அச்சமூகத்தில் கடத்திகள் இழிவாகப் பார்க்கப்பட்டதும், அதற்கு அஞ்சிச் சிலர் முடிவை மறைத்து மணம் செய்ததும் தெரியவந்தன. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தின. நோயற்ற கடத்திகளும் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டனர்.

நீலகிரியிலும் பிற இடங்களிலும் ஆலோசனை கூறுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே. குழந்தைக்கு நோய் எனத் தெரிந்ததும் பழி தாய்மீது மட்டும் விழுவதுண்டு. தந்தையின் மரபணுவும் சேராமல் இந்நோய் வாராது என்பதால் அப்பழிக்கு எவ்வித அடிப்படையும் இல்லை.

இந்திய அரசு 2023 சூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் சாடோல் மாவட்டத்தில் தேசிய அரிவாள்செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 அகவை வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047ஆம் ஆண்டிற்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்குகள். முடிவைக் குறிக்கும் மரபணு ஆலோசனை அட்டைகளும் வழங்கப்படுகின்றன.

சிகிச்சை

கருவகை ஹீமோகுளோபினை மீண்டும் பெருக்கும் ஹைட்ராக்சியூரியா முதன்மையான மருந்தாகும். 1995இல் வெளியான ஆய்வில் இது வலித்தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கருவுற விரும்பும் பெண்கள் மருத்துவரின் அறிவுரைப்படி இதனை நிறுத்துவது வழக்கம். 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வோக்செலோட்டர் என்னும் மருந்து 2024இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. கிரிஸ்பர் முறையில் நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களைத் திருத்தும் மருத்துவத்திற்கு 2023 நவம்பரில் பிரித்தானியாவும் அடுத்த மாதம் அமெரிக்காவும் ஒப்புதலளித்தன. இதன் விலை மிகுதியாதலால் நோய் மிகுந்த நாடுகளின் மக்களுக்கு இது எட்டாத தொலைவில் உள்ளது.

எலும்பு மச்சை மாற்றத்தால் நோய் முழுமையாகக் குணமாவது 1984இல் வெளியான அறிக்கையால் தெரியவந்தது. வெண்குருதிப் புற்றுநோய்க்காக மாற்றம் செய்யப்பட்ட சிறுமி ஒருத்திக்கு இரு நோய்களும் நீங்கின. திசு வகை முழுதும் பொருந்தும் உடன்பிறந்தோரே சிறந்த கொடையாளர். உடன்பிறந்த ஒருவர் அவ்வாறு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவர் கடத்தியாக இருப்பது கொடைக்குத் தடையாகாது.