திருமலையைத் தேடினால் திருப்பதி

எங்கள் ஊரான திருகோணமலையை நாங்கள் 'திருமலை' என்றுதான் சொல்வோம். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார். அதே சொல்லை ஒரு நூலகத் தரவுத்தளத்தில் தட்டிப் பாருங்கள். வேங்கடவன் வருவார், திருமலை நாயக்கர் மகால் வரும். நம்முடைய துறைமுகம் எங்கோ பின்வரிசையில் நிற்கும்.

நெடுந்தூரம் அலைந்த பெயர் இது. மகாவம்சத்தில் கோகண்ண. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியது கோணமாமலையை. இங்கே கிடைத்த, 1223ஆம் ஆண்டின் சமஸ்கிருதக் கல்வெட்டில் கோகர்ணம். பிறகு பறங்கியரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நாக்குக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அதை 'ட்ரிங்கோமலி' ஆக்கினார்கள்.

அதோடு பெயர் கப்பலேறியது. 1782 செப்டெம்பரில் இந்தக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் மோதினார்கள். அந்தப் போரின் நினைவாக, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய போர்க்கப்பலுக்கு 'ட்ரிங்கோமலி' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது பயிற்சிக் கப்பலாகி, பல பத்தாண்டுகள் 'ஃபூட்ராயன்ட்' என்ற பெயரில் இருந்தது. 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. ஆங்கிலத்தில் ஊரைத் தேடுகிறவர் முன்னே முதலில் வந்து நங்கூரம் போடுவது பெரும்பாலும் இந்தக் கப்பல்தான். ஊர்ப் பெயரோடு 'இலங்கை' என்று சேர்த்தால் கப்பல் விலகும். 1972க்கு முந்தியவற்றுக்கு 'சிலோன்' வேண்டும்.

ஆங்கில எழுத்தில் முதல் நான்கைத் தட்டி உடுக்குறி (*) போட்டால் எல்லா வடிவமும் சிக்கும் என்று நினைக்காதீர்கள், ட்ரினிடாடும் சேர்ந்தே சிக்கும். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, இடையிடையே 'அல்லது' (OR) கட்டளையைப் போடுவதுதான் வழி. தமிழிலும் 'திருகோணமலை', 'திருக்கோணமலை' இரண்டையும் தட்டுங்கள். ஓர் ஒற்றெழுத்தில் பாதி நூல்கள் கைநழுவிப் போகலாம்.

துறை மாறினால் சொல்லும் மாறுகிறது. சீனன்குடாவில் ஆங்கிலேயர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளை நம் பத்திரிகைகள் 'குதம்' என்கின்றன. தமிழ்நாட்டில் அது 'கிடங்கு'. பவளப்பாறை ஆய்வாளர் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலையைத் தலைப்பில் போடுவார், ஊரின் பெயரை உள்ளே எங்கேயாவது சொல்வார். வரலாறு, கடலியல், அரசியல் என்று தரவுத்தளங்களும் தனித்தனி வீடுகள். ஒரே கதவைத் தட்டிவிட்டுத் 'தகவல் இல்லை' என்று எழுதிய ஆய்வேடுகளை வாசித்து அலுத்துவிட்டேன்.

என் வழக்கம் எளியது. பொருத்தமான ஒரு நூல் அகப்பட்டால் அதன் பதிவில் நூலகர் இட்ட பொருள் தலைப்பைச் சொடுக்குவேன். அதே தலைப்பில் கிடக்கும் மற்ற நூல்கள் வந்துவிடும். தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத் தளத்தையும் பார்ப்பேன்.

அந்தத் தேக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.