கண்ணாடி உள்ளே போன கதை

மங்களூர், விருத்தாசலம் வட்டாரத்தாருக்குக் களிமண் சூளையில் வெந்து பீங்கானாகும் கதை புதிதல்ல. மணல் உருகிக் கண்ணாடியான கதைக்கும் மருத்துவத்தில் ஒரு கிளை உண்டு. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. சிறுநீர்ப்பை சம்பந்தப்பட்டதாயிற்றே என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம்.

தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிச் சோதனையில் கண்ணாடி உடம்புக்கு வெளியே நிற்கிறது. காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, நிறம் பார்த்து, ஒரு துளி எண்ணெய் விடுவார்கள். துளி பாம்பென நீண்டால் வாதம், மோதிரமாய் விரிந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். இடைக்கால ஐரோப்பிய வைத்தியரும் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே நோயைக் கணித்தார். நீர் வந்த வழியை இருவருமே பார்த்ததில்லை.

பாராமலே அறுக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. சுசுருத சங்கிதை 101 கருவிகளைச் சொல்கிறது. குழாய்களும் சலாகைகளும் அவற்றுள் அடக்கம். ஆயினும் கல்லடைப்பில் மருத்துவனுக்குக் கண் அவனுடைய இரு விரல்கள்தாம். ஆசனவாய் வழியே அவற்றைச் செலுத்தி, கல்லைத் தடவிக் கீழே கொணர்ந்து, அறுத்தெடுக்க வேண்டும். அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தால் பிழைப்பது சந்தேகம். ஆகவே முதலில் அரசனிடம் அனுமதி பெறுக என்கிறது அந்நூல். இன்று நாம் மருத்துவமனையில் இடும் ஒப்புதல் கையெழுத்துக்கு மூதாதை அதுவே எனலாம்.

1806இல் பிராங்பர்ட் மருத்துவர் பிலிப் பொஸ்ஸினி, மெழுகுவத்தியின் ஒளியை ஆடியால் திருப்பிக் குழாய்க்குள் செலுத்தினார். மூன்றே ஆண்டுகளில் காய்ச்சலில் இறந்துபோனார். 1877இல் ஜெர்மானியரான மாக்ஸ் நிட்சே விளக்கையே உள்ளே அனுப்பும் கருவியைச் செய்தார்: நுனியில் மின்சாரத்தால் தணலாய்ச் சிவந்த பிளாட்டினக் கம்பி, அது தசையைச் சுட்டுவிடாதிருக்க ஓடும் குளிர்நீர். நோயாளியின் பாட்டை நினைத்தாலே நமக்கு நடுங்குகிறது. அடுத்த பத்தாண்டில் குட்டி மின்விளக்கு வந்து அந்தத் தணலை அணைத்தது.

சூட்டை வெளியே நிறுத்தி ஒளியை மட்டும் உள்ளே விட வழி செய்தது கண்ணாடி இழை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸும் லண்டனில் இழைக்கற்றை வழியே உருவத்தையே கடத்திக் காட்டி, 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். வளையும் அகநோக்கிகளுக்கு அதுவே வித்து. வளையாத கருவிகளையும் ஹாப்கின்ஸ் விட்டுவைக்கவில்லை. நீண்ட காற்று இடைவெளி நடுவே மெல்லிய வில்லைகள் என்றிருந்த அமைப்பைத் தலைகீழாக்கி, நீண்ட கண்ணாடித் தண்டுகளும் சிறு இடைவெளிகளும் ஆக்கினார். மங்கலாய்த் தெரிந்த சிறுநீர்ப்பை பளிச்சென்று தெரிந்தது.

ஒளியிழை ஆய்வுக்கான 2009 நோபல் பரிசு சார்லஸ் காவுக்குப் போயிற்று. தொலைத்தொடர்பில் அவர் சாதித்ததை மறுப்பதற்கில்லை. கபானியையும் சேர்த்திருக்கலாம் என்பது நம் ஆதங்கம். அவர் 2020இல் காலமானார்.