யோவான் கிறிசோஸ்தோம்

யோவான் கிறிசோஸ்தோம் (சுமார் 347–407) கான்ஸ்டான்டிநோபிளின் பேராயராக இருந்த புனிதர். கிரேக்கத் திருச்சபைத் தந்தையருள் தலைசிறந்த மறையுரையாளர். ‘பொன்வாயர்’ எனப் பொருள்படும் கிறிசோஸ்தோம் என்ற பெயர் அவர் மறைந்த பிறகே நிலைத்தது.

சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்த அவரை, இளவயதிலேயே கணவரை இழந்த தாய் அந்தூசா வளர்த்தார். அவருக்குப் பேச்சுக்கலை கற்பித்த லிபானியோஸ் கிறிஸ்தவர் அல்லர். குகையில் தவமிருந்து உடல் நலிந்து ஊர் திரும்பிய யோவான், 386-இல் குருவானார். மறு ஆண்டு, வரிச்சுமை தாளாத மக்கள் பேரரசர் தியோடோசியஸ் குடும்பத்தின் சிலைகளை உடைத்தெறிந்தார்கள். முதிய ஆயர் பிளேவியன் மன்னிப்புக் கேட்கத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயிருந்த அந்தத் தவக்காலத்தில், தண்டனைக்கு அஞ்சிக் கிடந்த ஊருக்கு யோவானின் மறையுரைகளே துணை.

அக்காலத்தில் உரை பிடித்துப்போனால் கோயிலுக்குள்ளேயே கைதட்டுவார்கள். கைதட்டக் கூடாது என்று அவர் ஒருமுறை கண்டித்தபோது, அதற்கும் கைதட்டல் எழுந்தது! கூட்ட நெரிசலில் பணப்பை அறுப்போர் நடமாடியதால், காசு கொண்டுவர வேண்டாம் என்றும் எச்சரித்திருக்கிறார்.

398-இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரானதும் ஆயர் இல்லத்தின் ஆடம்பரச் செலவை வெட்டி, அந்தப் பணத்தை மருத்துவமனைகளுக்குத் திருப்பினார். ஏழை பட்டினி கிடக்கச் செல்வர் வெள்ளிக் கழிகலம் வைத்திருப்பதை மேடையிலேயே சாடினார். இப்படிப் பேசியவரை அரண்மனை நெடுநாள் பொறுக்கவில்லை. அரசி யூடோக்சியாவின் சினமும் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோபிலஸுக்கு இருந்த பகையும் கைகோத்தன. 403-இல் ‘ஓக்’ ஆயர் மன்றம் அவரைப் பதவி நீக்கியது. உடனே திரும்ப அழைக்கப்பட்டாலும், அரசிக்கு வெள்ளிச் சிலை எழுப்பிய ஆரவாரத்தைக் கண்டித்ததால் பகை முற்றியது. 404-இல் ஆர்மீனியப் பகுதியின் குகுசுஸுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்நாள்களில் தோழி ஒலிம்பியாஸுக்கு எழுதிய 17 கடிதங்கள் எஞ்சியுள்ளன. கருங்கடலோரப் பித்தியூஸுக்கு நடத்திச் செல்லப்படுகையில், 407 செப்டம்பர் 14 அன்று கோமனா அருகே இறந்தார்.

அவருடைய துணிவு எல்லா இடத்திலும் போற்றத்தக்கதன்று. அந்தியோக்கியாவில் யூதருக்கு எதிராக ஆற்றிய எட்டு உரைகளின் கடுஞ்சொற்களைப் பிற்கால யூத வெறுப்பாளர்கள் ஆயுதமாக்கினர்.

யூடோக்சியாவின் மகன் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், 438-இல் யோவானின் உடல் தலைநகருக்கு வந்தது. பின்னர் ரோமுக்குச் சென்ற திருப்பண்டங்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004-இல் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையிடம் ஒப்படைத்தார்.