புரூட்டன் கண்ட குறை

1952ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையின் குழந்தை மருத்துவராகிய ஆக்டன் புரூட்டன், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். வாசிங்டன் நகரின் வால்டர் ரீட் மருத்துவமனையில் அவர் பேணிய அச்சிறுவனின் குருதியில் நிமோனியாக் கிருமிகள் மீண்டும் மீண்டும் பெருகின. மருந்தினால் ஒருமுறை பிழைப்பான். சில திங்களில் மறுபடியும் வீழ்வான். ஒருமுறை தாக்கிய கிருமியை உடல் அடையாளங்கண்டு மறுமுறை தடுப்பதே இயல்பு. அவ்வியல்பு இவனிடம் பொய்த்தது.

குருதிநீரின் புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்தறியும் முறை அன்று மருத்துவமனைகளுக்குப் புதிது. அம்முறையால் நோக்கியபோது, காமா குளோபுலின் தோன்றவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நோயெதிர்ப் பொருள்கள் அடங்கிய பகுதி அதுவே. பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த காமா குளோபுலினைத் திங்கள்தோறும் ஊசிவழிச் செலுத்தினார் புரூட்டன். சிறுவனைத் தொடர்ந்து வருத்திய நோய் அடங்கிற்று. காரணம் விளங்குமுன்னரே பரிகாரம் கிட்டிவிட்டது. ஆயினும் அப்பொருள் அவனுடலில் ஏன் உண்டாகவில்லை என்னும் வினா எஞ்சி நின்றது.

அதற்கான முதற்குறிப்பு கோழியிடமிருந்து வந்தது. கோழியின் கழிவாயருகே சிறு பை ஒன்றுண்டு. இத்தாலிய உடற்கூற்றறிஞர் பப்ரீசியசின் பெயரால் அது 'பர்சா' எனப்படும். அதனை அகற்றிய கோழிகளுக்கு நோயெதிர்ப் பொருள் உண்டாவதில்லை என்பதைப் புரூசு கிளிக் என்பார் ஓகாயோவில் கண்டறிந்தார். பெரிய அறிவியல் இதழொன்று மறுத்துவிட்டமையால், அவ்வாய்வு 1956இல் கோழியியல் இதழொன்றில் வெளிவந்தது. மருத்துவர் பலர் கண்ணில் அது நெடுநாள் படவில்லை. 1965இல் மேக்சு கூப்பரும் இராபர்ட் குட்டும் பர்சாவில் வளரும் வெள்ளணுக்கள் தனியொரு வகையின என நிறுவினர். இன்று மாணவர் 'பி' அணு எனப் படிப்பதிலுள்ள எழுத்து, பர்சாவின் முதலெழுத்தே. பர்சா இல்லாத மனிதனுக்கு அவ்வணுக்கள் எலும்பு மச்சையில் வளர்கின்றன.

1993இல் இலண்டன் ஆய்வாளரும் கலிபோர்னிய ஆய்வாளரும் தனித்தனியே அம்மச்சையின் மறைவைத் துலக்கினர். இளம் பி அணுவின் மேற்புறத்தே தோன்றும் ஏற்பி, 'மேலும் வளர்க' என்னும் செய்தியை எழுப்புகிறது. வாயிலில் வந்த செய்தியை உள்ளறைக்குக் கொண்டுசெல்லும் ஏவலனைப்போல், ஒரு புரதம் அடுத்த புரதத்தின் டைரோசின் என்னும் பகுதியில் பாசுப்பேட்டை ஏற்றி அச்செய்தியைக் கடத்துகிறது. இந்த ஏவலன் பழுதுற்றால் இளம் அணு வளராமல் இடையிலேயே அழியும். எதிர்ப்பொருள் ஆக்க ஆளிராது. இதற்குரிய மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. பெண்ணுக்கு அந்நிறப்புரி இரண்டு, ஆணுக்கோ ஒன்றே. ஆதலின் தாய் நலமாயிருக்க மகன் நோயுறுகிறான்.

அப்புரதத்திற்குப் புரூட்டன் டைரோசின் கைனேசு எனப் பெயரிட்டனர். எண்பதைக் கடந்திருந்த புரூட்டன் அப்போது உயிரோடிருந்தார், 2003இல் மறைந்தார். பி அணுக்களில் தோன்றும் சில புற்றுநோய்கள் இதே புரதத்தின் செய்தியை நம்பிப் பெருகுவன. அவற்றுள் ஒன்றுக்காக, இப்புரதத்தை முடக்கும் இப்ருட்டினிப் என்னும் மருந்துக்கு 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.