விசில் சத்தம் ஏறினா ஓடணும்: கிங்மேன், 1973

இன்னிக்கு அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துக்குப் போறோம். கிங்மேன்னு ஒரு சின்ன ஊர், தேதி 1973 ஜூலை 5. தீயணைப்பு வண்டி வந்து அரை மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள நடந்த ஒரே வெடிப்பு 11 தீயணைப்பு வீரர்களோட உயிரைக் குடிச்சிடுச்சு.

ஊரோட ரயில் பாதை ஓரமா ஒரு காஸ் கிடங்கு. புரோப்பேன் நிரம்பின ரயில் டேங்கர்ல இருந்து காஸை மாத்துற வேலை நடக்குது. ஒரு இணைப்புல கசிவு. அதைச் சரிபண்ணும்போது தீ பிடிச்சிடுச்சு. அங்க இருந்த ரெண்டு தொழிலாளிகளும் தீக்காயம் பட்டாங்க, அதுல ஒருத்தர் இறந்துட்டார்.

இங்க கொஞ்சம் வேதியியல் பார்த்துடுவோம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிச்சு வாயுவாகிடும். அழுத்தத்துல அடைச்சு வச்சாத்தான் திரவமா இருக்கும். ஒரு லிட்டர் திரவம் வெளிய வந்தா சுமார் 270 லிட்டர் வாயு.

இப்ப குக்கரை நினைச்சுக்கோங்க. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் அடி பிடிக்காது, ஏன்னா சூட்டைத் தண்ணி வாங்கிக்குது. டேங்கர்லயும் அதே கதைதான். திரவம் தொட்டுக்கிட்டு இருக்கற இரும்பு தப்பிக்கும். மேல வாயு மட்டும் இருக்கற பகுதியில தீ பட்டா, சூட்டை வாங்கிக்க ஆள் இல்ல. சில நிமிஷத்துல இரும்பு இளகிடும். பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைத்தான் வெளியேத்தும். இளகின இரும்புக்கு அதால பலம் கொடுக்க முடியாது. டேங்க் கிழிஞ்சதும் அழுத்தம் சட்டுனு விழும், உள்ள இருக்கற திரவம் மொத்தமும் ஒரே நொடியில கொதிச்சு வெளிய பாயும். அது பத்திக்கிட்டா பிரம்மாண்டமான தீக்கோளம். இதுக்குப் பேர் 'பிளீவ்'.

கிங்மேன் வீரர்கள் அசட்டையா இருக்கல. டேங்கரை குளிர வைக்கணும்னு தெரிஞ்சுதான் குழாய் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா அவ்வளவு பெரிய டேங்கருக்கு நிறைய தண்ணி வேணும், அதுவும் தீ படற மேல் பகுதியில உடனே விழணும். அந்த ஏற்பாடு முடியறதுக்கு முன்னாடியே டேங்கர் கிழிஞ்சிடுச்சு. பக்கத்து நெடுஞ்சாலையில வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னவங்கள்ல கிட்டத்தட்ட 100 பேருக்குக் காயம்.

என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. 'பிளீவ்'ங்கற சொல்லை பொறியாளர்கள் 1957-லேயே உருவாக்கிட்டாங்க. அதாவது, 16 வருஷமா அந்த அறிவு எங்கயோ இருந்தது. அதை ஒரு சின்ன ஊரோட வீரர்கள் கைக்குக் கொண்டு சேர்க்கற வழிதான் பலமா இல்ல. கிங்மேனுக்கு அப்புறம் அந்தக் காட்சிகள் தீயணைப்புப் பயிற்சியில பாடமாச்சு. 1970-களோட கடைசியில, இந்த மாதிரி ரயில் டேங்கர்களுக்கு வெப்பக் காப்பு கட்டாயம்னு அமெரிக்க அரசு விதி போட்டது.

இன்னிக்கு வீரர்கள் படிக்கற வழிகாட்டி சொல்றது இதுதான். கசிவை அடைக்க முடியலைன்னா, எரியற காஸை அணைக்காதே. அணைச்சா காஸ் பார்வைக்குத் தெரியாமப் பரவி, வேற எங்கயோ பத்திக்கும். வால்வோட விசில் சத்தம் ஏறினாலோ, டேங்கோட நிறம் மாறினாலோ உடனே விலகு. டேங்கர் தீயில சிக்கினா எல்லாப் பக்கமும் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை அப்புறப்படுத்து.

நம்ம ஊர் பைபாஸ்லயும் காஸ் டேங்கர் போகுது. அடுத்த தடவை அதுல 1075-னு ஒரு எண் இருக்கான்னு பாருங்க. எல்பிஜிக்கான அடையாள எண் அது. அந்த வண்டி சாஞ்சு கிடந்து, சுத்தி ஒரு கூட்டம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அங்க நிக்காதீங்க. 1,600 மீட்டர்னா ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல. வீடியோ எடுக்கற தூரம் இல்ல அது.