போவிஸ் கோட்டையில் திப்புவின் கூடாரம்

வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டையில் எம்மை முதலில் மயக்கியது தோட்டமே. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாறைச் சரிவில் அமைத்த அடுக்குத் தளங்கள். அவற்றின்மேல் மேகமெனத் திரண்டு கவியும் யூ மரங்கள்.

உள்ளே சென்றதும் நடை தளர்ந்தது. பூவேலைப்பாடுடைய பருத்திக் கூடாரம், திப்பு சுல்தானுடையது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது சென்னை ஆளுநராயிருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட். இக்கோட்டைக் குடும்பத்தில் பிறந்த அவர் மனைவி ஹென்றியெட்டா, 1800இல் பெண்மக்களுடன் தென்னாட்டைச் சுற்றிச் செடிகளையும் கனிமங்களையும் திரட்டியவர். ரசனை மிக்கவர்தாம், கொள்ளைப் பொருளை ரசனை கழுவிவிடுமா என்ன?

கோட்டை 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் உள்ளது. தன் இல்லங்களின் காலனியத் தொடர்புகளை அவ்வமைப்பு 2020இல் அறிக்கையாக்கியபோது, பிரிட்டனில் சினந்தவர் பலர். திப்புவின் கூடாரமோ முன்னொரு காலத்தில் இதே தோட்டத்தில் விருந்துப் பந்தலாக விரிக்கப்பட்டது.